விழுமுன் இறக்கிய கோபுரம்: பெர்லின் அரசவைக் கட்டடக் கலைஞர் ஷ்லூட்டர் பதவி இழந்த விதம்

பாதி எழும்பிய கோபுரத்தைப் பிரித்து இறக்குவது கட்டுவதைவிடப் பயமான வேலை. சாரத்தில் நிற்கிற கொத்தனாருக்குச் சுவர் சாய்ந்திருப்பது தெரியும். எந்தக் கல்லை உருவினால் எது நகரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. 1706-ம் ஆண்டு கோடையில் பெர்லின் அரண்மனையின் வடமேற்கு மூலையில் இந்த வேலைதான் நடந்தது. மேலே ஏற்றிய கல்லையும் செங்கல்லையும் ஏற்றியவர்களே இறக்கினார்கள். இறக்கச் சொன்னவர் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெட்ரிக். கட்டியவர் ஆந்த்ரேயாஸ் ஷ்லூட்டர், அன்றைக்கு வட ஜெர்மனியில் அவருக்கு இணையான கலைஞர் இல்லை என்று பேர் வாங்கியிருந்தவர்.

இந்தக் கோபுரம் இடிந்து விழுந்ததாகப் பலர் சொல்லிவிடுகிறார்கள். விழவில்லை. விழுந்துவிடும் என்ற நிலை வந்தபின் கழற்றினார்கள். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அந்த இடத்தில்தான். முதல் விரிசல் கண்ணில் பட்டதற்கும் 'இறக்கு' என்ற உத்தரவுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் காலம் போயிருக்கிறது. அத்தனை நாளும் வேலை நிற்கவில்லை, மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ஏன் என்று பார்க்க வேண்டுமானால் அந்த மனிதர் எப்படி அந்தப் பதவிக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிற்பி, கட்டடத்துக்கு வந்தது

ஷ்லூட்டர் 1660 வாக்கில் பிறந்தவர். பால்டிக் கடலோர டான்சிக் நகரில் தொழில் பழகினார். அது இன்றைய போலந்தின் க்தான்ஸ்க். உளி பிடித்து வந்த கை அது. 1680-களில் வார்சாவில் போலந்து அரசர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் வட்டாரத்தில் வேலை பார்த்தார். கிராசின்ஸ்கி மாளிகையின் முகப்பு முக்கோணத்தில் இருக்கும் புடைப்புச் சிற்பங்கள் அவர் செய்தவை. 1694-ல் பிராண்டன்பர்க் இளவரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் (பின்னால் முடிசூடி முதலாம் ஃபிரெட்ரிக் ஆனவர் இவர்தான்) அவரை அரசவைச் சிற்பியாகப் பெர்லினுக்கு அழைத்துக்கொண்டார். ஹாலந்து, பிரான்ஸ், இத்தாலி என்று பயணமும் அனுப்பி வைத்தார்கள். 1696-ல் தொடங்கிய பெர்லின் கலைக்கழகத்தின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர், பின்னால் அதன் இயக்குநர்.

சிற்பியாக அவர் என்ன ஆள் என்பதற்கு ஒரே ஒரு இடம் போதும். பெர்லினின் ஆயுதச்சாலை, இன்று ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகம். அதன் உள்முற்றச் சன்னல்களுக்கு மேல் 22 முகங்கள். எல்லாம் சாகிற போர்வீரர்கள். ஒருவன் வாய் பிளந்து கத்துகிறான். ஒருவனுக்கு வலி முடிந்து முகம் தொய்ந்துவிட்டது. வெளிச்சுவரில் வெற்றிச் சின்னங்களும் தலைக்கவசங்களுமாக அலங்காரம், உள்ளே போனால் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள். தன் படைபலத்தைக் காட்ட ஒரு அரசர் கட்டுகிற ஆயுதக் கிடங்கில் இப்படிச் செய்யவும் அதற்கு ஒப்புதல் வாங்கவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் குதிரைச் சிலை. அரசரின் தந்தை, 'பெரிய இளவரசர்' என்று அழைக்கப்பட்ட ஃபிரெட்ரிக் வில்லியம், குதிரைமேல் வருகிறார். பாரிஸில் வார்ப்புத் தொழில் கற்றுவந்த யோஹான் யாகோபி 1700-ல் குதிரையையும் ஆளையும் சேர்த்து ஒரே வார்ப்பாக வெண்கலத்தில் எடுத்தார். 1703-ல் ஸ்ப்ரே ஆற்றின் நீண்ட பாலத்தில் வைத்துத் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பத்திரமாக வைத்திருந்த இடத்திலிருந்து திரும்பக் கொண்டுவரும்போது படகோடு தெகல் துறைமுகத்தில் மூழ்கிவிட்டது. 1949-ல் தூக்கி எடுத்தார்கள். இப்போது சார்லோட்டன்பர்க் அரண்மனை முற்றத்தில் இருக்கிறது.

இந்த வெற்றிகள்தான் அவரைக் கட்டடத்துக்கு இழுத்துவந்தன. அன்றைய அரசவைகளில் சிற்பி கட்டடம் வரைவது புதுமை இல்லை, ரோமில் பெர்னினி அதைச் செய்தவர். முகப்பு வரையத் தெரிந்தவருக்குச் சுவர் எழுப்பவும் தெரியும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் ஒரு பதவி உயர்வும்

அந்த ஆயுதச்சாலையிலேயே முதல் சறுக்கல். 1695-ல் வேலை தொடங்கியது. தொடங்கிவைத்த நேரிங் அதே ஆண்டு இறந்தார். பொறுப்பு மார்ட்டின் க்ரூன்பெர்க்கிடம் போய், 1698-ல் ஷ்லூட்டரிடம் வந்தது. 1699-ல் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பொறுப்பை ழான் த போட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் மாற்றினார்கள்.

சரி, ஷ்லூட்டருக்கு என்ன ஆனது? அதே 1699-ல் அரண்மனைக் கட்டுமான இயக்குநர் ஆனார்! முன்னதைவிடப் பல மடங்கு பெரிய வேலை, பெரிய பதவி. நாம் இன்று 'சம்பவ அறிக்கை' என்று கேட்போமே, அப்படி ஒன்றும் அங்கே நடக்கவில்லை. அரசருக்கு இவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அரசவைப் பதவியின் அடிப்படை இலக்கணமே இது. உங்களைக் காப்பாற்றுவது வேலையின் தரம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் காப்பாற்றுவது ஒரு ஆளின் பிரியம். அது இருக்கும்வரை சுவர் சரிந்தாலும் ஒன்றும் ஆகாது.

அரசருக்கு அப்போது அவசரம் இருந்தது. 1701 ஜனவரி 18 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் தன் தலையில் தானே கிரீடம் வைத்துக்கொண்டு முதலாம் ஃபிரெட்ரிக் ஆனார். பட்டத்திலும் ஒரு நெளிவு உண்டு: 'பிரஷ்யாவின் அரசர்' இல்லை, 'பிரஷ்யாவில் அரசர்'. பிரஷ்யாவின் ஒரு பகுதி போலந்து மகுடத்தின்கீழ் இருந்தது. புனித ரோமப் பேரரசரின் சம்மதமும் தேவைப்பட்டது. அதனால் வேற்றுமை உருபிலேயே பார்த்து நடக்க வேண்டியிருந்தது. இப்படிப் பட்டம் வாங்கியவருக்கு, தான் அசல் அரசர்தான் என்று கல்லில் காட்டியாக வேண்டும். 1443-ல் ஸ்ப்ரே தீவில் கோட்டையாகத் தொடங்கி, தலைமுறைக்கொரு ஒட்டு வேலையாக வளர்ந்திருந்த பழைய அரண்மனையை ரோம மாளிகை போல ஒரே பெரும் கட்டாக மாற்ற ஷ்லூட்டர் இறங்கினார். இன்றும் அவர் பெயரால் வழங்கும் உள்முற்றம், பெரிய படிக்கட்டு, உச்சியில் கனத்து நீளும் கூரைவிளிம்பு எல்லாம் அப்போது வந்தவை. அரண்மனையின் இந்தப் பகுதி கெட்டியாகவே நின்றது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்தபோதும் சுவர்கள் நின்றன. 1950-ல் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத்தான் தரைமட்டமாக்கியது. இவருக்குக் கட்டத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கோபுரம்

அரண்மனையின் வடமேற்கு மூலையில், நாணயசாலையை ஒட்டி, பழைய தண்ணீர்க் கோபுரம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்கு நீர் ஏற்றப் பயன்பட்டது. நாணயசாலைக் கோபுரம் என்றே பேர். அதை உயர்த்தி, உச்சியில் ஹாலந்து நகரங்களில் இருப்பது போல இசைக்கும் மணித்தொகுதி ஒன்றை வைக்க அரசர் ஆசைப்பட்டார். ஷ்லூட்டரின் வரைபடத்தில் கோபுரம் ஏறக்குறைய 300 அடி. அடுக்கடுக்காகத் தூண்கள், மேலே போகப்போக மெலிந்து திறந்த மண்டபங்கள். பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

நான் கட்டட வேலையில் இருப்பவன். பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, 'கடைக்கால் எத்தனை அடி ஆழம், கீழே என்ன மண்?' பாதிப் பேருக்குத் தெரியாது. "அப்பா காலத்தில் போட்டது, ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்" என்பார்கள். நாணயசாலைக் கோபுரத்திலும் இதே பதில்தான் அஸ்திவாரமாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.8 டன். 300 அடியைத் தோராயமாக 90 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அகலம் குறையாத ஒரு சுவர் தன் அடியில் சதுர மீட்டருக்கு 160 டன் போலச் சுமையை இறக்கும். மேலே மெலிவதால் உண்மைச் சுமை குறையும், பாதி என்றே வைப்போம். நல்ல செங்கல் அதைத் தாங்கிவிடும், சிக்கல் அங்கே இல்லை. இறுகிய நல்ல மணல் பாதுகாப்பாகத் தாங்குவது சதுர மீட்டருக்கு 20, 30 டன். மக்கிய சேறு என்றால் அதில் கால்வாசிகூடத் தேறாது. பெர்லின் உட்கார்ந்திருப்பது பனியுகத்து உருகுநீர் ஓடிய ஒரு பழம் பள்ளத்தாக்கில். மணல், அதனிடையே ஆற்றோரங்களில் மக்கிய சேற்றுப் படிவு, சில மீட்டரிலேயே நிலத்தடி நீர். அரண்மனை நின்றது ஆற்றுத் தீவில். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்று அடித்தளத்தைப் பல மடங்கு அகலமாக விரிக்க வேண்டும், இல்லையென்றால் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி அதன்மேல் கட்ட வேண்டும். இரண்டாவது முறை அன்றே நன்றாகத் தெரிந்ததுதான். அதை வெற்று மனையில் செய்யலாம். ஏற்கெனவே நிற்கிற ஒரு கோபுரத்துக்கு அடியில் எப்படிச் செய்வது?

1702 வாக்கில் வேலை தொடங்கியது. பழைய சுவர்மேல் புதுச் சுவர் ஏற, விரிசல் விட்டது. ஷ்லூட்டர் அதைக் கவனிக்காமல் விடவில்லை. பழைய கட்டைச் சுற்றிப் புதிதாகச் சுவர் எழுப்பிப் போர்த்தினார். இரும்புக் கட்டுகள் போட்டு இறுக்கினார். மறுபடி உயர்த்தினார். மறுபடி விரிசல். மேலும் முட்டுக்கொடுத்தார்.

இந்த வைத்தியத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்குமேல் நின்ற பழைய கட்டின் கீழே இருக்கும் மண், தான் அமுங்க வேண்டியதை அமுங்கி முடித்துவிட்டது. அதைச் சுற்றிப் போடுகிற புதுச் சுவரின் மண்ணுக்கோ இப்போதுதான் சுமை தெரியத் தொடங்குகிறது. அது இறங்கும். பழையது இறங்காது, அல்லது குறைவாக இறங்கும். இரண்டையும் இரும்பால் கட்டிவைத்தால் இறங்குகிற போர்வை உள்ளே இருப்பதையும் கூடவே இழுக்கும். நான்கு பக்கமும் மண் ஒரே மாதிரி இருக்காது, அதனால் ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும், கோபுரம் சாயும். சாய்ந்தால் எடை அந்தப் பக்கமே இன்னும் கூடும். சுண்ணாம்புச் சாந்து வேறு, தடித்த சுவருக்குள் இறுக ஆண்டுகள் எடுக்கும். வேலை வேகமாக ஏறினால் கீழ் அடுக்கு இன்னும் பச்சையாகவே இருக்கும். ஆக, பலப்படுத்துகிறேன் என்று சேர்த்த ஒவ்வொரு கல்லும் மண்ணின் தலையில் ஏறிய எடைதான்.

விரிசல் கண்டால் இன்றைக்கு நாங்கள் செய்வது சின்ன வேலை. மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை விரிசலின் குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவோம். சில வாரம் கழித்துக் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, பூசிவிடலாம். உடைந்திருந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது. அப்போது பூசுவதும் கட்டுவதும் வீண், கீழே பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம், காத்திருக்க அனுமதி வேண்டும். புதிதாக முடிசூடிய அரசரிடம் போய், 'ஒரு வருஷம் சும்மா இருந்து பார்ப்போம்' என்று கேட்பதற்கு ஷ்லூட்டருக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு தூணும் நான்கு கால்களும்

சிற்பிக்குச் சுமை புரியவில்லை என்ற எளிய தீர்ப்பை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. கோபுரத்தில் வேலை நடந்த அதே நாட்களில், 1703-ல், பெர்லின் மரியா தேவாலயத்துக்கு ஷ்லூட்டர் ஒரு பிரசங்க மேடை செய்தார். வெள்ளைச் சலவைக்கல் போன்ற அலபாஸ்டரில் மேடை, பக்கத்தில் இரண்டு தேவதூதர்கள். பார்க்கிற கண் அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் நகர்ந்து தூணைப் பார்க்க வேண்டும். அது கூரையைத் தாங்குகிற கோதிக் தூண். அதன் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு மணற்கல் தூண்களை நிறுத்தி, மேலே தொங்கி நிற்கிற பழைய தூணின் சுமையை அந்த நான்குக்கும் மாற்றியிருக்கிறார். மேடை அதற்குள் செருகி நிற்கிறது.

மேலே கூரை இருக்கும்போதே தூணின் காலை வெட்டி மாற்றுவது! முட்டுக்கொடுத்து, சுமையை எடுத்து, புதுக் கால்களை நிறுத்தி, மறுபடி சுமையை இறக்க வேண்டும். இன்றும் இதைச் செய்யச் சொன்னால் பலர் யோசிப்பார்கள். அது நின்றது. 20-ம் நூற்றாண்டின் நடுவில்தான் மேடையை வேறொரு தூணுக்கு மாற்றினார்கள், அதுவும் விழுந்ததால் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தேவாலயத்தில் சுமை எவ்வளவோ அவ்வளவுதான், கூடப்போவதில்லை. மண்ணும் பழகிய மண். கண்ணுக்குத் தெரிகிற கல்லில் அவர் கெட்டிக்காரர். கோபுரத்தில் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தரைக்குக் கீழே இருந்தது. அங்கே அவருக்கு மட்டும் இல்லை, யாருக்குமே கணக்கு இல்லை. மண் எப்படி அமுங்குகிறது என்பதை அறிவியலாக்கிய டெர்சாகியின் புத்தகம் வியன்னாவில் வந்தது 1925-ல்.

விசாரணை

1706-ல் சாய்வு மறைக்க முடியாத அளவுக்குப் போனதும் அரசர் மூவரை ஆய்வுக்கு வைத்தார். ஒருவர் ஷ்டூர்ம், ஃபிராங்க்ஃபர்ட் ஆன் தெர் ஓடர் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர், கட்டடக்கலை பற்றி நிறைய எழுதியவர். இன்னொருவர் க்ரூன்பெர்க், ஆயுதச்சாலையில் ஷ்லூட்டருக்கு முன் இருந்தவர். மூன்றாமவர் யோஹான் ஃபிரெட்ரிக் எயோசாண்டர், சார்லோட்டன்பர்க் அரண்மனையை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தவர், அரசவையில் ஷ்லூட்டரின் நேர்ப் போட்டியாளர்.

முடிவு ஷ்லூட்டருக்கு எதிராக வந்தது. கோபுரத்தை இறக்கினார்கள். அரண்மனை இயக்குநர் பதவி போனது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எயோசாண்டர். விசாரித்தவரே வாரிசு. தொழில்நுட்பத்தில் அவர்கள் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை, கோபுரம் நிற்கப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் பழைய அடித்தளத்தின் மேல் 300 அடி கேட்டவர் யார், வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்ற கேள்வியை அரசர் நியமித்த குழு அரசரிடம் கேட்காது.

இதே கதை ரோமில் அறுபதாண்டுக்கு முன் நடந்திருந்தது. புனித பேதுரு தேவாலயத்தின் முகப்பில் மணிக்கோபுரம் கட்ட 1637-ல் பெர்னினியிடம் சொன்னார்கள். கீழே இருந்தது, முன்னால் அந்த முகப்பைக் கட்டிய மாடெர்னோ வேறு அளவுக்குப் போட்ட அடித்தளம். விரிசல் விட்டது. ஆதரவு தந்த போப் எட்டாம் அர்பன் இறந்து, பத்தாம் இன்னசென்ட் வந்தார். போட்டியாளர் போரோமினி குறைகளை எடுத்து வைத்தார். 1646-ல் கோபுரத்தை இறக்கினார்கள். அவரும் சிற்பி, பழைய அடித்தளம், அரசவை, போட்டியாளரின் சாட்சி என்று வரிசையாக ஒத்துப்போகிறது. ஷ்லூட்டர் இத்தாலி போய்வந்தவர் வேறு. பெர்னினி ஐந்தாண்டில் நான்கு நதிகள் நீரூற்றைச் செய்து இழந்த பேரை மீட்டுக்கொண்டார். ரோமில் போப் ஒருவரே புரவலர் இல்லை, பிரபுக்களும் கர்தினால்களும் துறவற சபைகளும் வேலை கொடுத்தார்கள். பெர்லினில் ஒரே ஒரு அரசவை.

அதற்குப் பிறகு

அரசர் அவரைத் துரத்திவிடவில்லை. அரசவைச் சிற்பி வேலை தொடர்ந்தது. 1711, 1712-ல் அமைச்சர் கமேக்கேவுக்காக டொரோத்தேயன்ஷ்டாட் பகுதியில் ஒரு தோட்ட வீடு கட்டினார். சின்னது, தாழ்வானது, முகப்பு நெளிந்து ஓடும், கூரைமேல் தாவப்போவது போல உருவங்கள். அந்த வீடு போரில் அழிந்தது. கூரை உருவங்களில் தப்பியவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1713 பிப்ரவரியில் அரசர் இறந்தார். அவருடைய கல்லறைப் பேழையையும் ஷ்லூட்டரே செய்தார். பொன்பூசிய அந்தப் பேழையின் காலடியில் துக்கத்தில் அமர்ந்த ஒரு பெண், பக்கத்தில் சோப்புக் குமிழி ஊதும் ஒரு குழந்தை. பெர்லின் பேராலயத்தில் பார்க்கலாம். ஆடம்பரத்துக்காகவே வாழ்ந்த அரசருக்கு அவருடைய சிற்பி தந்த கடைசிக் குறிப்பு.

அடுத்து வந்த மகன் முதலாம் ஃபிரெட்ரிக் வில்லியம் (தாத்தாவின் பெயரே இவருக்கும்) படைக்கு மட்டும் செலவு செய்பவர். வந்ததும் அரசவைச் சம்பளப் பட்டியலை வெட்டித் தள்ளினார். எயோசாண்டரும் பெர்லினை விட்டுப் போனார். அரண்மனையை 1716 வாக்கில் முடித்துக் கொடுத்தவர் ஷ்லூட்டரின் மாணவர் ப்யோமெ.

ஷ்லூட்டர் 1713-லேயே ரஷ்யாவுக்குப் போய்விட்டார். மகா பீட்டர் புதிதாக எழுப்பிக்கொண்டிருந்த தலைநகரம், பீட்டர்ஸ்பர்க். நெவா ஆற்றின் கழிமுகச் சதுப்பு. பெர்லின் சேறே தேவலை என்று சொல்ல வைக்கிற மண். அங்கே ஒருமுறை தள்ளிவிட்டால் நிற்காமல் தானே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாராம். மறு ஆண்டே, 1714-ல், அங்கேயே இறந்தார்.

கோபுரத்துக்கென்று நினைத்திருந்த மணித்தொகுதியை அரசர் பெர்லினின் பரோஷியால் தேவாலயத்துக்குக் கொடுத்திருந்தார். அதற்கென்று கட்டிய கோபுரத்தில் 1715-ல் மாட்டி இசைத்தார்கள். சுருதி சேரவில்லை. 1717-ல் அவற்றைக் கழற்றிவிட்டு ஆம்ஸ்டர்டாமில் வார்த்த மணிகளை மாட்டினார்கள்.